சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை

அன்புள்ள கங்கா அக்காவுக்கு,

இதனால் மஸ்கட்வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில், தங்கள் தம்பி சிஜுவின் மேலுதட்டில் மூன்று முடிகள் முளைத்திருக்கின்றன. அம்மா அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரோடு வந்தாள். மற்றபடி அனைவரும் நலம். நாளை மஸ்கட்டுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ஷிஹாபிக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நல்லதுதான். அம்மாவின் ஃபோனில் உன்னைக் கூப்பிடலாம், ஆனால் ஸ்பீக்கர் போடாமல் பேச அவளுக்கு வராது, வீடே கேட்கும்.

விஷயம், கிளப் மைதானத்துப் புல்வெட்டும் வண்டி. அப்பா மேலே ஏறி ஓட்டுகிற மாதிரி ஃபோட்டோ அனுப்பினேனே, அந்தச் சிவப்பு வண்டி. இந்த மாதம் முழுக்க மக்கர். அதுவும் செக்ரட்டரி மாத்யூஸ் சார் மைதானத்துக்குள் வந்தால் மட்டும் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. சார் போனதும் சமர்த்தாக ஓடும். அப்பாவைக் காட்டி, சுடலைமுத்துவுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குள் புல் வெட்டாவிட்டால் காக்கநாட்டிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா சாயாகூடக் குடிக்கவில்லை.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக ஒரு ஸ்விட்ச், பிளேடு ஓடினால் ஸ்டார்ட் ஆகாமலிருக்க இன்னொன்று. இந்த வண்டியைச் செய்தவன் நம் அம்மாவிடம் ட்யூஷன் படித்திருக்கிறான், அதைத் தொடாதே, இதைச் செய்யாதே. எல்லாமே சரியாக இருந்தது, அதுதான் எரிச்சல். நான் ஏறித் திருப்பினால் ஒரே திருப்பில் ஓடுகிறது. கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்யலாம், நன்றாக இருக்கிற வண்டியை என்ன செய்ய?

கடைசியில் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்சைக் கண்டுபிடித்தேன். ஆள் உட்கார்ந்தால்தான் எஞ்சின் ஓடும், எழுந்தால் நின்றுவிடும். அப்பா ஒல்லி, அதனால் ஸ்விட்ச் அவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். இந்தச் சீட்டு அப்பாவின் சீட்டைக் கிழிக்க விடுவேனா? ப்ளக்கைக் கழற்றி, இரண்டு முனைகளையும் செம்புக் கம்பியால் சேர்த்து டேப் சுற்றினேன். இனி யாருமே இல்லாவிட்டாலும் ஆள் இருப்பதாக வண்டி நம்பும். என்னை எஞ்சினியர் சார் என்றே கூப்பிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவும் போட்டேன்.

நேற்று சாயங்காலம் சாரின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. வண்டி நிற்கவில்லை. நான் கைதட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன் அக்கா. சாரைக் கண்டதும் அப்பா எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். எப்போதும் அப்படித்தானாம். சார் நிற்கும்போது அப்பா உட்கார மாட்டார், சாவியைக்கூட நின்றபடியே திருப்புவார். ஸ்விட்சில் ஒரு கோளாறும் இல்லை. இத்தனை நாளும் அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

வண்டி ஆளில்லாமல் போனது. பிடிக்க ஓடிய அப்பா வழுக்கி விழுந்தார். கோல்போஸ்ட் வலை பிளேடில் சுற்றித்தான் எஞ்சின் அணைந்தது. அப்பாவின் இடது செருப்பு பாதிதான் கிடைத்தது. கால் முழுசாக இருக்கிறது. ராத்திரி அவர் தூங்கிய பிறகும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

கம்பியைப் பார்த்துவிட்டு இது யார் வேலை என்று சார் கேட்டார். நான்தான் சார் என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று காலை கம்பியைக் கழற்றிப் பழையபடி ப்ளக்கை மாட்டிவிட்டேன். சனிக்கிழமை சார் நேரில் நின்று பார்ப்பாராம், அதுதான் கடைசி வாய்ப்பு. எழுந்திருக்காதீங்கப்பா என்று கெஞ்சினேன். பெரிய மனுஷன் நிக்கும்போது எப்படிடா என்கிறார். நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் கேட்பார். சனிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு அக்கா. யார் வந்து நின்றாலும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கச் சொல். கம்பி மாட்டியது நான்தான் என்று சாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியே அப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்பு. எட்டாம் நம்பர்.

இப்படிக்கு,
எஞ்சினியர் பதவியை ராஜினாமா செய்த
உன் தம்பி சிஜு