மழை போட்ட ஊசி

மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. நீ போய் எட்டு மாதமாகிறது. நம் ஆய்வுப் பெட்டியைத் தொடும் தைரியம் எனக்கு இன்றைக்குத்தான் வந்தது.

மீன் பண்ணையில் கெளுத்தி முட்டையிட ஹார்மோன் ஊசி போடுவார்கள். “கம்மாயில எவன்டா ஊசி போடுறான்?” என்பாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் எம்.ரெட்டியபட்டியில் உன் தோட்டத்துத் தொட்டிகளில் மூன்று சினை மீன்களை வெட்டவெளியிலும், மூன்றைக் கூரைக்கடியிலும் விட்டோம். நம் பக்கத்து மழை நம் அவசரத்துக்கா வரும்? காக்கவைத்துத்தான் வந்தது. மறுநாள் ஆறு மீன்களின் சினைப்பைகளையும் அறுத்தெடுத்து நீ ஸ்பிரிட் பாட்டில்களில் இட்டாய். வெளியே ‘மழை’, ‘கூரை’ என்று மார்க்கரில் எழுதியது நான்.

“ஸ்பிரிட்டு பட்டா மார்க்கரு நிக்காதுலே, பென்சில்ல எழுது” என்றாய். கேட்டேனா?

ஆய்வகத்தில் நீ டீ வாங்கப் போன நேரம், ஸ்பிரிட் கேனைத் தட்டிவிட்டேன். எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது. நீ வருவதற்குள் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிவிட்டேன். மேசையை மோந்து பார்த்துவிட்டு, “ஏலே, எதுவும் சொல்லணுமா?” என்றாய்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு கிள்ளிச் செய்த சோதனையில், முட்டையை முதிரவைக்கும் மரபணு மூன்று சினைப்பைகளில் விழித்திருந்தது. மூன்றும் ‘மழை’. “மழ பட்டதும் மூளையிலருந்து ஹார்மோன் கெளம்புது, சினையில போயி எழுப்புது. இது மழ போட்ட ஊசிலே” என்று குதித்தாய். நான் திரும்ப எழுதிய எழுத்துகளையே பார்த்தேன். பருத்துத் தெரிந்ததை எல்லாம் ‘மழை’ என்று எழுதிவிட்டேனோ? அப்படியென்றால் உன் உழைப்பு மொத்தமும் என் கையால் பொய். நீ இருந்தவரை சொல்லவில்லை. நீ போன பிறகு உன் பெயரில் ஆய்வுக் கட்டுரையை அனுப்பவும் கை வரவில்லை.

இன்று முதல் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தேன். சினைப்பைக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது ஒரு சீட்டு. பென்சிலில் உன் கிறுக்கல்: ‘மழை’. வெளியே என் எழுத்தும் ‘மழை’. மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஆறும் ஒத்துப்போயின.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்று இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சீட்டைப் போட்டிருக்கிறாய். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாய். நல்லவேளை.

கட்டுரையை அனுப்பிவிட்டேன். கேன் சாய்ந்ததையும் சீட்டுகளையும் அதில் மறைக்காமல் எழுதினேன். சட்டைப்பையில் இப்போது பென்சில் இருக்கிறது. அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில்தான் பாக்கி.

ஆமாலே, கொட்டிட்டேன்.