பாய்மர உச்சியில் இருப்பதை நம்பாதே

ஆவடி, ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்
19-5-92, செவ்வாய்

சிரஞ்சீவி உத்தமனுக்கு,

அண்ணா, இது அப்பாவின் கடிதம், கை மட்டும் கஸ்தூரியுடையது. அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், பேச்சில் வருவதைக் கொஞ்சம் திருத்தி எழுதுவேனே தவிர எதையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நானாக ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் அதை அடைப்புக்குறிக்குள் போடுவேன். இனி அப்பா பேசுகிறார்.

அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ ஒரு குறையும் இல்லாமல் இலங்கையில் அந்தக் காலித் துறைமுகத்தில் கால் வைத்திருக்கவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதலும் இல்லை. இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் நீ பிழைத்து வந்து சேர்ந்துவிட்டாய் என்று அர்த்தம், அதனால் படிக்கிற உனக்கு என் பயம் வேடிக்கையாகக்கூட இருக்கலாம், சொல்கிற எனக்கு அப்படி இல்லை. நேற்று ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கொச்சிக்குப் பேசினோம், படகுத்துறை ஆபீஸில் எடுத்தவர் மலையாளத்தில் நிறையச் சொன்னார், கஸ்தூரிக்குப் புரிந்தது உங்கள் படகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையே போய்விட்டது என்பது மட்டும்தான். உங்கள் படகிலிருக்கும் ரேடியோ நடுக்கடலிலிருந்து கரைக்கு எட்டாது என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். காலியில் பத்து நாள் நின்று தண்ணீரும் சாமானும் ஏற்றுவோம், அந்த ஏஜெண்டு முகவரிக்கு எழுதுங்கள் என்று சொன்னாயே, அங்கே ஒரு தந்தியும் கொடுத்திருக்கிறோம். கருவியை நம்பாதே என்பதற்கு மேல் தந்தியில் என்ன சொல்லமுடியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். பாய்மரத்தின் உச்சியில் சுற்றுகிறதே, மூன்று கிண்ணம் வைத்த காற்றுக் கருவி, உப்புப் பிடித்து நின்றுபோய் நீ பார்சலில் அனுப்பினாய், நானும் பழுது பார்த்து அனுப்பினேன், அதில் நான் தப்பு செய்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைத்தால் இரண்டு மாதம் ஆகும், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும், எங்கப்பா ஆவடியில் ராணுவ டேங்க் மீட்டரையே பிரித்து மாட்டினவர் என்று கேப்டனிடம் சொல்லியிருக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததை நான் கஸ்தூரியை மூன்று முறை படிக்கச் சொன்னேன். கண் அழுத்தம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து என்னை மீட்டர் செக்‌ஷனிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள், நாலு வருஷமாக நான் ஒரு ஸ்குரூவைத் திருப்பவில்லை. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரிகிறது, மற்றதெல்லாம் புகை. இருந்தாலும் விரலுக்குத் தெரியும். கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே துரு ஏறிக் கிடந்த சுண்டுவிரல் நகமளவு பேரிங் இரண்டையும் நானேதான் எடுத்தேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே அளவில் வாங்கிவந்த புதிய பேரிங்கை நானேதான் உட்காரவைத்தேன்.

அதுவரை செய்தது சரி. பக்கத்து வீட்டுச் சுலைமான் ஸ்கூட்டரில் கஸ்தூரியைப் பின்னால் உட்காரவைத்து, ஒட்டடைக் கொம்பின் நுனியில் கருவியைக் கட்டி, காற்றே இல்லாத விடியற்காலையில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்வரை ஓட்டச் சொன்னேன். கிண்ணம் ஒரு சுற்று சுற்றினால் ஓர் எண் நகர்வதுபோல, பழைய டெலிபோன் மீட்டரிலிருந்து எடுத்த எண்ணியை அதனுடன் இணைத்திருந்தேன். வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்று ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரவேண்டும். ஆயிரத்து நாற்பது வந்தது, கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிண்ணத்தின் அளவுக்கு அது சரியான எண். (டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னா பாய், வண்டிக்கு வேர்க்குதா, ஃபேன் மாட்டிக்கினு போறே?" என்று கத்தினார். "ஆமாம்பா, உன் டீயை ஆத்தறதுக்குத்தான் எடுத்துகினு போறேன், அது நேத்து போட்டது" என்று சுலைமான் மாமா திருப்பிக் கொடுத்தார். அப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் சிரித்தார். அதற்கு முன் அவர் எப்போது சிரித்தார் என்று எனக்கு நினைவில்லை.)

தப்பு அதற்கு அப்புறம். நம் ஃபாக்டரியில் கிரீஸ் வைக்காமல் எதையும் மூடமாட்டோம், இருபத்தாறு வருஷம் அதுதான் பழக்கம், மணலிலும் சேற்றிலும் போகிற வண்டிக்கு அது வேண்டியதுதான். வீட்டிலும் கதவுக் கீல், சைக்கிள், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டப்பாதான் என்பது உனக்குத் தெரியும். உப்புக் காற்றில் நிற்கப்போகிற சாமானாயிற்றே, இனி துருவே பிடிக்கக்கூடாது என்று பேரிங் நிறைய கிரீஸை அடைத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாக டப்பாவுக்குப் போய்விட்டது. டேங்கைத் தள்ளுவது ஆயிரம் குதிரை, இதைத் தள்ளுவது வெறும் காற்று. அந்தக் கெட்டிக் கிரீஸுக்குள் கிண்ணம் தயங்கித் தயங்கித்தான் சுற்றும், அடிக்கிற காற்றைவிடக் குறைவாகத்தான் காட்டும். போன வெள்ளிக்கிழமை கஸ்தூரி நூலகத்திலிருந்து வானிலைக் கருவிகள் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்து உட்கார்ந்து படித்தாள், ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தவிர வேறெதையும் இடக்கூடாது என்று அதில் போட்டிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். (அப்பா, இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். எழுந்துபோய் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, விரலில் கொஞ்சம் தொட்டுத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.)

மறுநாளே உன் கடிதம் வந்தது. கருவி பிரமாதமாக வேலை செய்கிறது, கேப்டன் உங்களுக்கு நன்றி சொல்கிறார், காற்றின் வேகம் மணிக்குப் பதினெட்டு கடல்மைல், அதாவது பதினெட்டு நாட் காட்டினால் பெரிய பாயைச் சுருக்கவேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்திருக்கிறார், இனி ராத்திரி முறைக்காரன் யாராயிருந்தாலும் எண்ணைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்த எண்ணைத்தான் நான் கெடுத்து அனுப்பியிருக்கிறேன். கருவியே இல்லாமலிருந்தால் நீங்கள் அலையையும் வானத்தையும் பார்த்திருப்பீர்கள். உன் அம்மா நேற்று பூத்திலிருந்து வந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. (அம்மா சொன்னது: "கடல்ல போற புள்ளைக்கு, கண்ணு தெரியாத மனுஷன் செஞ்சு குடுத்த சாமானா? வேணாம்னு யாராவது சொன்னீங்களாடி?" என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.) அவள் சொன்னதில் தப்பில்லை.

ஆனாலும் ஒரு சமாதானம் இருக்கிறது, அதைக் கேப்டனிடமும் சொல். கிரீஸ் வைத்த பிறகும் சுலைமான் வண்டியில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பார்சலைத் தைத்தோம், அப்போதும் ஆயிரத்து முப்பது வந்தது. ஆகையால் குறைவு சொற்பமாகத்தான் இருக்கும், நூற்றுக்கு ஒன்று இரண்டு, நாளாக ஆகக் கிரீஸ் இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம், அதனால் நீங்கள் ரொம்பவும்

(அண்ணா, இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அப்பா, என்னம்மா, மை தீர்ந்துபோச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆயிரத்து முப்பது வரவில்லை அண்ணா. எழுநூற்று எண்பதுதான் வந்தது. கொம்பைப் பிடித்திருந்ததும் எண்ணியைப் பார்த்ததும் நான் ஒருத்திதான், சுலைமான் மாமாவின் கண் ரோட்டில் இருந்தது. கிளம்பும்போது இருந்த எண்ணைத் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று நினைத்தேன், அப்படித்தான் நினைக்க எனக்கு விருப்பமாக இருந்தது. அன்றைக்கு அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பார்சல் தைக்க ஊசியும் நூலுமாக வாசலில் காத்திருந்தார், என்ன கஸ்தூரி, சரியா வந்துச்சா என்று கேட்டார். ஆயிரத்து முப்பதுப்பா என்றேன். நோட்டிலும் அப்படியே எழுதினேன். ஆயிரத்து நாற்பது என்று எழுதினால் இரண்டு முறையும் ஒரே எண்ணாக வந்துவிடும், சந்தேகம் வரும் என்று பத்தைக் குறைத்துக்கூடப் போட்டேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்தை நான் தற்செயலாக எடுக்கவில்லை, தேடித்தான் எடுத்தேன். படித்துக் காட்டினால் போதும், எண்ணைச் சொல்லவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.)

(இதையெல்லாம் அப்பாவிடம் இப்போது வாயால் சொன்னேன், பிறகுதான் எழுதினேன். அப்பா முதலில் கேட்டது, "எவ்ளோ?" என்பதுதான். எழுநூத்தி எண்பது என்றேன். விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். அப்புறம், "ஏம்மா சொல்லலை?" என்றார். நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா என்றேன். "சந்தோஷமா இருந்தேனா" என்று வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலச் சொன்னார். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா வந்து நிலைப்படியில் நின்று, நேற்றிலிருந்து முதல் தடவையாக அப்பாவிடம் பேசினாள். "அழறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், அந்தக் கணக்க மொதல்ல எழுதச் சொல்லுங்க" என்றாள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார், அப்படியே இருக்கட்டும், எது எப்படி ஆச்சுன்னு அவனுக்குத் தெரியணும் என்றார். இனி மறுபடியும் அப்பா.)

உத்தமா, மேலே சமாதானம் என்று சொன்னதை மறந்துவிடு. குறைவு சொற்பம் இல்லை, கால் பங்கு. கருவி காட்டுவதோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளவேண்டும். பதினெட்டு காட்டினால் இருபத்துநாலு. இருபத்தேழு காட்டினால் முப்பத்தாறு. இளங்காற்றில் இன்னும் மோசமாக ஏமாற்றும், நின்றே போகலாம், காற்று இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தக் கணக்கையும் பழுது பார்க்கும் வரைக்கும்தான் நம்பலாம், கிரீஸ் இறுக இறுக இதுவும் மாறும். கேப்டனிடம் இன்றைக்கே சொல், என் பெயரைச் சொல்லியே சொல், கௌரவம் பார்க்காதே.

பழுதை நீயேதான் பார்க்கவேண்டும், கஷ்டமில்லை. துறைமுகத்துக்குள் அலை அடங்கிய நேரத்தில் மட்டும் ஏறு. உன்னை மேலே இழுக்கிற கயிறு ஒன்று, அதற்குச் சம்பந்தமில்லாமல் வேறோர் ஆள் பிடிக்கிற கயிறு இன்னொன்று, இரண்டும் இல்லாமல் ஏறாதே. திருப்புளியை மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டிக்கொள். உச்சியில் வைத்து எதையும் பிரிக்காதே, கருவியைக் கீழே கொண்டுவந்து ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்துப் பிரி. கிண்ணத்துக்கு அடியில் தலையில்லாத குட்டி ஸ்குரூ ஒன்று இருக்கும், அதை இரண்டு சுற்று தளர்த்தினால் கிண்ணம் மேலே வந்துவிடும். உள்ளே வாய் திறந்த மெல்லிய வளையம், அது தெறித்துக் கடலில் விழுந்தால் உலகத்தில் வேறு கிடைக்காது, கையால் மூடிக்கொண்டு எடு. பேரிங் இரண்டையும் ஒரு டம்ளர் பெட்ரோலில் போட்டு அலசு, பெட்ரோல் கறுக்கும், கொட்டிவிட்டு மறுபடி ஊற்று, நிறம் மாறாமல் நிற்கும்வரை அலசு. வாயால் ஊதிக் காயவைக்காதே, எச்சில் ஈரம் பட்டால் அதுவே துரு, நிழலில் தானாகக் காயட்டும். தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரு பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு. ஆசைப்பட்டு இரண்டாவது சொட்டு விடாதே. மாட்டியபின் முகத்துக்கு நேரே பிடித்துச் சாதாரணமாக மூச்சு விடு, அதற்கே சுற்றவேண்டும், நிற்கும்போது வெட்டி நிற்காமல் மெல்ல நிற்கவேண்டும். அப்படி நிற்காவிட்டால் அதை மாட்டவே மாட்டாதே. பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, காற்றின் போக்கு தெரியக் கயிறுகளில் கம்பளி நூல் கட்டி, கண்ணால் பார்த்தே ஓட்டுங்கள். உனக்குக் கண் இருக்கிறது.

(ஆறரை மணி ரேடியோவில் குமரிமுனைப் பக்கம் மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொன்னார்கள். அப்பா எத்தனை நாட் என்று கேட்டார். அவர்கள் கிலோமீட்டரில் சொன்னார்கள், நான் வகுத்து இருபத்தைந்து என்றேன். அப்படியென்றால் உங்கள் கருவி பத்தொன்பதுக்குப் பக்கத்தில்தான் காட்டும், பெரிய பாயைச் சுருக்குகிற நேரத்துக்கு எவ்வளவு நேரம் முன்பே உண்மையான காற்று வந்திருக்கும் என்று அப்பாவும் நானும் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றைக்கு நீங்கள் கிளம்பி மூன்றாவது நாள்.)

உத்தமா, கரை இறங்கியதும் ஒரு கார்டு போடு, வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், மற்றது நிதானமாக எழுதலாம். உன் அம்மா வெங்காய வடகம் பார்சலில் போடவில்லையே என்று வருத்தப்படுகிறாள், அதையும் எழுதச் சொல்கிறாள். ஈரத் துணியோடு தூங்காதே. கஸ்தூரி மேல் கோபப்படாதே, அவள் சின்னப்பெண், அவளிடம் பார்க்கச் சொன்னது நான். என் மேல் கோபப்படு, திரும்பி வந்து நேரில் கோபப்படு. நீ எந்த நீரில் இருந்தாலும் அது உன்னைத் தாங்கட்டும், நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இரு. இரண்டு கயிறு, மறக்காதே.

ஆசிகளுடன்
உன் அப்பா,
கங்காதரன்

(கையெழுத்தை அப்பாவே போட்டார், இடம் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார், அது கடைசி வரியின் மேலேயே விழுந்திருக்கிறது, மன்னித்துக்கொள். அப்பா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய், வெளியில் காற்று இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வாசற்படியில் நிற்கிறார். இங்கே ஓர் இலைகூட அசையவில்லை. போகிறபோது, எழுதி முடித்தாயிற்று என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.)