புள்ளிகளுக்குக் கீழே போகும் கோடு

கல்லூரித் தோழனாய் வந்து என் தங்கை ரீட்டாவைக் கைப்பிடித்த அன்பு சேவியருக்கு,

நீ போய் ஏழு மாதத்தில் உன் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை தயாராகிவிட்டது. முதல் பெயர் உன்னுடையது, கடைசிப் பெயர் என்னுடையது. அடியில், உன் நினைவுக்கு என்று ஒரு வரி. ரீட்டா ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் அனுப்பிவிடுவார்கள்.

அணுக்கருக்கள் மோதிப் பிறக்கும் அந்தக் கொதிக்கும் துளியைக் கடக்கையில் ஒரு துகள் எவ்வளவு ஆற்றலை இழக்கும்? இருபது வருடம் நீ கேட்டது அது ஒன்றைத்தான். துளியின் தடுப்பு வலிமைக்கு ஒரே ஓர் எண். அதை ஒரு மோதலின் அளவீட்டைக் கொண்டு நிர்ணயிப்பாய்; மற்ற மோதல்களைக் கணிக்கும்போது அதைத் தொடமாட்டாய். "ஒரு தடவ வச்சா வச்சதுதான்டா. அப்புறம் கை வச்சா அது கணக்கில்ல, கோலம்" என்பாய்.

திங்களன்று உன் துறைத் தலைவர் கட்டுரையின் வரைபடத்தைக் காட்டினார். அளவீடுகள் புள்ளிகளாக, உன் கணிப்பு கோடாக. கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் சென்றது. உன் கோடு அப்படிச் செல்லாது.

"எத்தன எண் வச்சீங்க?" என்றேன்.

"மோதலுக்கு ஒண்ணு, மொத்தம் மூணு. ஸ்வல்ப, கொஞ்சமா, அட்ஜஸ்ட் பண்ணோம், அவ்வளவுதான் ராபர்ட் சார். அவருக்கு ஒரு மரியாதை."

"அவன் உயிரோட இருந்தா பண்ணியிருப்பீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார்.

உன் நிரலை அவர்களிடம் கொடுத்தவன் நான். உன் உழைப்பு வீணாகக் கூடாதென்று உன் கணினியைத் திறந்து நானே நகலெடுத்துக் கொடுத்தேன். இதில் எனக்கும் பங்கிருக்கையில் என் கோபத்தை யாரிடம் காட்டுவது?

மாலை மெட்ரோ பிடித்து மல்லேஸ்வரத்தில் ரீட்டா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் படிவம், அதன்மேல் பேனா.

"அவரு பேரு முதல்ல வருதாம்ணா. போட்டுடட்டுமா?"

அவர்கள் வரைபடத்தையும் நீ வரைந்த பழையதையும் அருகருகே வைத்து விளக்கினேன். கடைசி மோதலில் உன் கோடு புள்ளிகளுக்குக் கீழே இறங்குவதை அவள் விரலால் தொடர்ந்தாள்.

"இது தப்பா?"

"இல்ல. நமக்குத் தெரியாதது ஏதோ அங்க இருக்குன்னு அர்த்தம். அதத்தான் தேடிட்டிருந்தான்."

"அப்போ பொருந்தலன்னே போடச் சொல்லுண்ணா. இத்தன வருஷம் அந்தக் கோட்டோடதான் குடித்தனம் பண்ணேன். வேற யாரோ போட்ட கோடு எனக்கு எதுக்கு?"

வெற்றுப் படிவம் இப்போது என் பையில் இருக்கிறது. நாளை அதைத் துறைத் தலைவரின் மேசையில் வைத்து, இந்த மூன்று எண் கட்டுரையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடச் சொல்வேன்; உன் ஒரே எண்ணோடு திருத்தினால்தான் ரீட்டா கையெழுத்திடுவாள் என்பேன். நீ விட்ட இடத்தில், புள்ளிகளுக்குக் கீழேயே, உன் கோடு உன் பெயரோடு அச்சேறும். அதுவரை அதன்மேல் இன்னொரு கை படாது.

உன் ரீட்டாவின் அண்ணன், உன் மச்சான்,
ராபர்ட்