பூசைக்கு முன் வண்டியின் அடியைப் பார்

பாலோ,
ஞாயிற்றுக்கிழமை

ரூபேந்திரனுக்கு,

உன் அப்பாவைக் கொன்றது மழை இல்லை, நாம் பார்த்து வாங்காத அந்த வண்டி. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். நான் சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், படுக்கிறேன். உன் தங்கை பிரவீனா உலு திராமிலிருந்து சனிக்கிழமை வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். சபா மாநிலத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் காதில் வாங்க மாட்டாய், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தோட்ட வேலைக்குப் பழைய ஃபோர்வீல் வண்டி எடுக்கப்போவதாகவும், வெள்ளிக்கிழமை நல்ல நாள், எலுமிச்சம்பழம்கூட வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஆறு படம் அனுப்பினாய், ஆறிலும் வெளிப்பக்கம்தான் பளபளக்கிறது. அப்பாவும் இப்படித்தான், அந்த வண்டியைக் கடையிலிருந்து நேராக முனியாண்டி கோயிலுக்கு ஓட்டிப்போனார். நாலு சக்கரத்திலும் பழம் நசுங்கிய பிறகுதான் நான் உள்ளே ஏறினேன். சேற்று வாடை அடித்தது. சொன்னேன். உன் சித்தப்பா திருச்செல்வம், "பூசை போட்டாச்சு அண்ணி, இனிமே கொறை சொல்லாதீங்க லா" என்றான். அப்பா சிரித்தார். நீ வீடியோவில், "செம வண்டி ப்பா" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். நாலே மாதம். மழையில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு சாஆ ஊர்ப் பக்கம் இறக்கத்தில் வரும்போது அடிச்சட்டம் ஒடிந்து வண்டி கால்வாயில் கவிழ்ந்தது. பட்டறை அய்யாவு ஒடிந்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தினார், கைப்பிடி வரை இறங்கியது. "இது வெள்ளத்துல முழுகுன வண்டிக்கா, துரு மேல கறுப்பு அடிச்சு வித்துட்டானுங்க" என்றார். போலீஸ் அறிக்கையில் மட்டும் ஓட்டியவர் கவனக்குறைவு என்று இருக்கிறது. வசதி இருக்கிறவன் வண்டி வெள்ளத்தில் முழுகினால் அவனுக்கு இழப்பீடு வருகிறது, அந்த வண்டியைக் கழுவி நம் தலையில் கட்டுகிறார்கள். தோட்டத்து ரோட்டுக்கு இது போதும் என்று நினைப்பு.

அய்யாவு சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கடைக்காரன் சொன்ன நேரத்துக்கு முன்பே போ, பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் அவன் முன்கூட்டியே இன்ஜினை ஓட்டி வைத்திருக்கிறான், ஆறவிட்டு நீயே ஸ்டார்ட் செய். காலடி விரிப்பைத் தூக்கு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு, சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும். வண்டியை மேலே தூக்கச் சொல்லி அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டு, புதுக் கறுப்புச் சாயம் இருந்தால் சுரண்டு. கியர் எண்ணெய் பால் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மண் தரையில் நாலு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டு, முன்சக்கரமும் இழுக்கிறதா என்று இறங்கி நின்று பார். நாலு டயரும் ஒரே அளவா பார். அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை, வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்டோடு ஒப்பிடு. தூக்க விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடு, நல்ல நாள் அடுத்த வாரமும் வரும்.

சாமி உன்னைக் காப்பாற்றட்டும், மழையில் தலையை நனைக்காதே. வாங்கும் முன் யாராவது குறை சொன்னால் காது கொடுத்துக் கேள்.

இப்படிக்கு,
அம்மா கிருஷ்ணம்மா

நேற்று மூன்று முறை கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய். முன்பணம் கட்டிவிட்டாயா, இல்லையா? சொல்.