உப்புத் தண்ணீர் குடித்த குதிரை

19 ஜனவரி 2025, ஞாயிறு

முழங்கால் இன்றும் சரியாக மடங்கவில்லை. பிடிவாதமாக ஷெட்டுக்குப் போய், குதிரையில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊரில் இதற்குக் குதிரை என்றுதான் பெயர். முகப்பில் ஓடுகிற குதிரைப் பொம்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1969இல் செய்த மஸ்டாங். ஸ்டியரிங் இடது பக்கம். படகு எஞ்சின் மெக்கானிக்குக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் பழவேற்காட்டில் இல்லை.

இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டாமல் நிறுத்தினால் ஏரிக்காற்றின் உப்பு தகட்டைத் தின்றுவிடும். முப்பது வருஷம் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்த உடம்பு துருப்பிடிப்பதை நான் பார்க்கமாட்டேன். உப்புக் காற்று இல்லாத ஊருக்குப் போகட்டும். விற்றுவிடப் போகிறேன்.

லோகநாயகியிடம் சொன்னேன். "முப்பது வருஷமா சக்களத்தி மாதிரி இருந்துச்சு. இப்ப போவுதுன்னா எனக்கே ஒரு மாதிரியா கீதுய்யா" என்றாள்.

21 ஜனவரி, செவ்வாய்

செல்போனில் விளம்பரம் போட்டாயிற்று. "எல்லாம் அசல், ஒரே கையில் இருந்தது" என்று எழுதினேன். லோகநாயகி படித்துவிட்டு, "எல்லாம் அசலா? ஒரே கையா?" என்று கேட்டாள். உடனே கொடுவா மீன் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

சென்னையிலிருந்து திருவேங்கடம் என்பவர் வந்தார். பழைய வண்டிகள் சேர்ப்பவர். நல்ல மனிதர். வண்டியைத் தொடுமுன் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாரே, அதிலேயே எனக்குப் பிடித்துப்போனது.

டிக்கியைத் திறந்தவர் மூக்கைச் சுருக்கினார். "என்னங்க வாசனை?"

"இறால். தொண்ணூத்தி எட்டுல பொன்னேரி மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி வெச்சி எடுத்துனு போனோம். அது போகாது."

சிரித்தார். பிறகு பானெட்டைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. உள்ளே இருப்பது ஜீப்பின் டீசல் எஞ்சின் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இதோட எட்டு சிலிண்டர் எங்க? பிளாக்ல அடிச்ச நம்பரும் பாடி நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் இது முழு வண்டி. இல்லன்னா அழகான கூடு, அவ்வளவுதான். எனக்குக் கூடு வேணாங்க."

பழுதாகிக் கிடக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரியும் என்றேன்.

3 பிப்ரவரி

தேவேந்திரன். எழுதிவிட்டேன் பெயரை. இருபது வருஷமாக இந்த நோட்டுகளில் எழுதாத பெயர்.

குதிரையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம். 94இல் எண்ணூர் கிட்டங்கி ஒன்றில் கோழி அடைத்து வைத்திருந்தார்கள் இதில். ஒரு இறால் பருவத்து வரும்படி முழுவதையும் கொட்டிக் கட்டியிழுத்து வந்தோம். நான் இடது பக்கம் ஓட்டுவேன், அவன் வலது பக்கம் உட்காருவான். எதிரே வருகிற பஸ்காரன் அவன்தான் டிரைவர் என்று நினைப்பான். பாவி இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டாவி விடுவான்! எத்தனை பஸ் சடன் பிரேக் போட்டிருக்கும். காட்டூர்ச் சாலையில் நாங்கள் சிரித்த சிரிப்பு இனி வராது.

6 பிப்ரவரி

இன்றைக்காவது உண்மையை எழுது, ஆதிநாராயணா.

சுனாமியில் தேவேந்திரனின் படகு தப்பியது, எஞ்சின் போயிற்று. குதிரையின் எஞ்சினைக் கேட்டான். மாட்டேன் என்றேன். "பாதி என்னுதுடா. எஞ்சின் எனக்கு, பாடி உனக்கு" என்று ஆள் கொண்டுவந்து கழற்றினான். நான் ஷெட் வாசலில் கை கட்டி நின்றேன்.

கரையில் வைத்துப் படகில் பூட்டினான், நான் தள்ளி நின்று பார்த்தேன். ஏரித் தண்ணீரை நேராக எஞ்சினுக்குள் விட ஹோஸ் மாட்டினான். கார் எஞ்சினுக்கு உப்புத் தண்ணீர் விஷம். நல்ல தண்ணீரை உள்ளேயே சுற்ற விட்டு, படகுக்கு அடியில் குழாய் ஓட்டி அதைக் குளிரவைக்க வேண்டும். அரை நாள் வேலை. அவன் வலைக்காரன், அவனுக்குத் தெரியாது. நான் மெக்கானிக், எனக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கூடக் கேட்டான், "சரியா கீதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டால் தெரியும் என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் முகத்துவாரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்து, படகு மணல் திட்டில் மோதி உடைந்தது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. அவன் நீந்தி வந்தான். அதன் பிறகு அவன் படகே வாங்கவில்லை. ஆரம்பாக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டான். நானோ, "என் எஞ்சினைச் சாகடிச்சுட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். ஆரம்பாக்கத்தில் இறங்கியபோது கால் வீங்கியிருந்தது.

தேவேந்திரனுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வந்த விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயை விலக்கினான். எஞ்சின். ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் ஊற்றி, கிரீஸ் பூசி, மரக்கட்டை மேல் வைத்திருக்கிறான். இருபது வருஷம்!

"இத எதுக்குடா வெச்சினுகீற?"

"உன்னுதாச்சே. என்னிக்காவது வந்து கேப்பன்னு தெரியும்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இன்னா தப்பு பண்ணேன்னு இன்னிக்கி வரைக்கும் புரியலடா. என் கையாலயே சாவடிச்சிட்டேன்" என்றான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "பரவாயில்ல, வுடு" என்றேன்.

பரவாயில்லையாம். நான் அவனை மன்னிக்கிறேனாம். த்தூ!

10 பிப்ரவரி

சாப்பிடவில்லை. இரண்டாவது தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

லோகநாயகியிடம் முதலில் சொன்னேன். அவள் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "போய் அவங்கிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

மறுபடியும் பஸ், மறுபடியும் ரயில். நின்றபடியே சொன்னேன். ஹோஸ் மாட்டியது, அவன் கேட்டது, எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும்.

எழுந்து என் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் படகுல நான் செத்திருந்தா?" என்று கேட்டான். "போடா. இனிமே இந்தப் பக்கம் வராத" என்று கதவைச் சாத்தினான்.

17 பிப்ரவரி

திருவேங்கடத்துக்கு போன் செய்து, எஞ்சின் கிடைக்காது என்றேன். விளம்பரத்தில் "எல்லாம் அசல்", "ஒரே கை" இரண்டையும் அழித்தேன்.

11 மார்ச்

குதிரையின் மேல் துணியைப் போர்த்திவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில், எனக்கு மூச்சு விட நேரமில்லை. பதினோரு மணிக்கு ஒரு குட்டியானை மினி லாரி வந்து ஷெட் வாசலில் நின்றது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய எஞ்சின். முன்னால் தேவேந்திரன்.

இறங்கினான். என்னிடம் பேசவில்லை. லோகநாயகியிடம், "தங்கச்சி, டீ போடு" என்றான். இரண்டு பேரும் செயின் போட்டு இறக்கினோம். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், "ஒன்ன மன்னிக்க வரல. எஞ்சின் நல்லா ஆவணும், அதுக்கு வந்தேன்" என்றான்.

அதுவே போதும் எனக்கு.

27 ஜூலை, ஞாயிறு

மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் வந்தான். பிளாக்கை லேத் பட்டறையில் கடைந்து, எஞ்சின் வந்த சேதி கேட்டு திருவேங்கடம் வரவழைத்த பிஸ்டன்களைப் போட்டு, உப்பு அரித்த வாட்டர் பம்பைக் கழற்றிப் புதிது மாட்டி, ஜீப் எஞ்சினை இறக்கிவிட்டு இதைக் குதிரையில் ஏற்றினோம். ஒன்பது எண் உள்ள ஸ்பேனரைக் கேட்டால் இன்னும் பத்தைத்தான் கொடுக்கிறான்.

இன்று பத்தரைக்குச் சாவியைத் திருப்பினேன். எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்தது. அந்தச் சத்தம்! தெருவே வந்து நின்றது. நான் அழுதேன், வெட்கமில்லாமல். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

திருவேங்கடம் வந்தார். டார்ச் அடித்து இரண்டு நம்பரையும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை பேர் கையில இருந்தது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர். அவனும் நானும்."

போகுமுன் ஒரு சுற்று வேண்டும் என்றேன். என் காலுக்குக் கிளட்ச் ஆகாது, தேவேந்திரன் இடது பக்கம் ஏறினான். முதல் தடவையாக நான் வலது பக்கம். காட்டூர்ச் சாலையில் எதிரே பஸ் வந்தது. "ம்" என்றான் அவன். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டேன். பஸ்காரன் போட்ட பிரேக்கில் தேவேந்திரன் சிரித்தான். இருபது வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

நாலு மணிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சென்னையில் எங்கே நிறுத்துவீர்கள் என்று மறுபடியும் கேட்டேன். கடலிலிருந்து தூரம்தான் என்றார், மூன்றாவது தடவையாக.

18 ஆகஸ்ட்

ஒன்றை மறந்தேபோனேன். எங்கள் நைனா படகை விற்றால் அதிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி வீட்டு வாசல் நிலையில் அடித்துவைப்பார். படகு போனாலும் அதன் ராசி வீட்டில் தங்க வேண்டுமாம். குதிரையிலிருந்து ஒரு திருகாணிகூட நான் எடுத்துவைக்கவில்லை. ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டிதான் போயிற்றே, இனி எதற்கு வரப்போகிறான் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு வந்தான். கையில் பழைய வாட்டர் பம்பின் மூடி. உப்பு தின்று ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"நைனா ஆணி அடிப்பாரே. நீ எடுத்து வெச்சிருக்கமாட்டன்னு தெரியும். இத அடிச்சி வை."

"இதையா?"

"இதத்தான். தெனம் பாரு."

சுத்தியலை நான் எடுக்குமுன் அவனே வாங்கிக்கொண்டான். ஷெட்டின் நிலைக்காலில் மூடியை வைத்து ஆணியைப் பிடித்தான். இரண்டு அடி அடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சரியா கீதா?"

"இல்லடா. கோணலா கீது. புடுங்கிட்டு மறுபடி அடி" என்றேன்.