உடப்பு என்று சுட்ட பெட்டி

12.01.2013
ஸ்பீக்கர் பெட்டி ஒன்று முடிந்தது. வழக்கம்போல் கடற்கரைக்குக் கொண்டுபோய் முழுச் சத்தத்தில் பாடவிட்டோம். கரைவலை இழுப்பவர்களின் காதுக்கு எட்டினால்தான் எங்களிடம் பெட்டி தேறும். என் மனுசன் சதீஸ் பலகை அறுத்துப் பொருத்துவார். வயர் வேலை என்னுடையது. கடைசியில் காய்ச்சிய கம்பியால் முன்பலகையில் எங்கள் மீன்பிடி ஊரின் பெயரை, 'உடப்பு' என்று சுடுவேன். கட்டுநாயக்கத் தொழிற்சாலையில் ஆறு வருடம் யாரோ வெளிநாட்டானின் பெயரை ஒட்டினேன். போதும்.

19.01
சிலாபத்துக் கடைக்காரர் அன்ரனிப்பிள்ளை வந்தார். வீட்டுக்கு, வான் வண்டிக்கு என்று இருபது பெட்டி வேண்டுமாம்.
"ஆனா மயூரதி, உடப்பு எண்டு போட்டா கருவாடு எண்டு நினைப்பாங்கள். ஜப்பான் பேர் ஒண்டு ஒட்டுவம்."
"கருவாடும் நல்ல சாமான்தான் ஐயா. பேரோட எடுக்கிறதெண்டா எடுங்கோ. இல்லாட்டி விடுங்கோ."
எடுத்தார்!

16.02
முதலில் அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வானில் பூட்டினால் கண்ணாடி அதிருகிறதாம், பாட்டே கேட்கவில்லையாம், இடிதான் கேட்கிறதாம். "ஜப்பான் பேர் போட்டிருந்தா இப்பிடி வராது" என்கிறார் அன்ரனிப்பிள்ளை. பேரை மாற்றினால் இடி நின்றுவிடுமா?

17.02
பிழை எங்களுடையதுதான். கடல் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்று பேஸ் சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறோம். கதவு சாத்திய வானுக்குள் யார் வலை இழுக்கிறார்கள்? சரி, பிழை பெட்டியில். பெயரில் இல்லை.

02.03
மீன் வான் ஒன்றை இரவல் வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். பெட்டியின் துவாரத்தைச் சிறிதாக்கி, உள்ளே தென்னந்தும்பு அடைத்து, திரும்பத் திரும்பக் கேட்டோம். வியர்வை, மீன் நாற்றம். பிறகு பாட்டில் வயலின் தனியாகக் கேட்டது. சதீஸ் சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு!

30.03
சிலாபம் போனேன். கடை நிறைய நாங்கள் திருத்தி அனுப்பிய பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நான் சுட்ட எழுத்தின்மேல் பளபளவென்று ஜப்பான் ஸ்டிக்கர்.
"பேரோடதானே எடுத்தனான். பேர் கீழ இருக்குப் பிள்ளை" என்று சிரிக்கிறார் அன்ரனிப்பிள்ளை.
அடப் பாவி மனுசா! இனி ஒரு பலகைத் துண்டும் தரமாட்டேன் என்று கடைக்கே கேட்கக் கத்திவிட்டு வந்தேன்.

04.04
பெட்டிக்கு ஓடர் இல்லை. சதீஸ் வலை இழுக்கப் போகிறார். நான் பெட்டி செய்கிறேன். யாருக்கு? தெரியாது. செய்கிறேன்.

21.06
ஆலங்குடாவில் சுற்றுலா வான் ஓடும் ஜபார் நானா வாசலில் நின்றார். கையில் எங்கள் பெட்டி.
"ஜப்பான் சாமான் எண்டுதான் வாங்கின, தங்கச்சி. உப்புக் காத்துக்கு ஒட்டினது உரிஞ்சு போச்சு. கீழ பாத்தா உடப்பு!"
ஏமாற்றிவிட்டோம் என்று சண்டைக்கு வந்திருக்கிறாரோ?
"பழுதோ நானா?"
"பழுதொண்டும் இல்ல. எங்கட வான்காரங்களும் கேக்குறாங்க. இதே பெட்டி. ஸ்டிக்கர் மட்டும் வேணாம்."
அவர் போனதும் உள்ளே போய் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

09.08
அன்ரனிப்பிள்ளை போன் எடுத்தார். 'உடப்புப் பெட்டி' இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் வருகிறார்களாம்.
"கை நிறைய வேலை ஐயா. பிறகு பாப்பம்."
சதீஸ் வலையை விட்டுவிட்டுப் பலகை அறுக்கிறார். நான் கம்பியை அடுப்பில் வைத்தேன். இன்று எழுத்தைப் பலகையின் இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை சுட்டேன். ஸ்டிக்கர் ஒட்ட இடம் வைக்கவில்லை.