பொய்ச் செய்திக்கு வந்த மாரடைப்பு

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் கால் எலும்பு கூடி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் சுகம், முதலில் அதை நம்புங்கள்.

நீங்கள் காவலுக்குப் போன லோரியைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை என்று நம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையா வந்து சொன்னார். துவைத்த துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி வலி. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைத் தாளில் எடுத்துப் பார்த்த டாக்டர், மாரடைப்பு என்றார்.

மறுநாள் பாதிரியார் வந்து, "உன் புருஷன் உயிரோட இருக்காரும்மா, கால்தான் முறிஞ்சிருக்கு," என்றார். உடனே கஞ்சி கேட்டேன். வார்டே சிரித்தது.

சில நாள் கழித்து மறுபடி எடுத்தபோது எல்லாம் சீராகியிருந்தது. "ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கிற மாதிரி தெரியலைம்மா. அதிர்ச்சியில இறுகிப் போயி, அப்புறம் தானா விட்டிருக்கு," என்றார் டாக்டர்.

"புருஷன் மேல அவ்வளவு பிரியமாக்கா?" என்று கேட்டாள் நர்ஸ் டொரீன்.

"சும்மா இரு லா," என்றேன்.

பெரிய சந்தோஷமும் திடீரென்று வரக்கூடாதாம். ஆகையால் வீட்டுக்கு வரும்போது சத்தமில்லாமல் வந்து நிற்காதீர்கள். தோட்டத்து முள்கம்பி வாசலிலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள். லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டாலும் வெட்கப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி